உட்கார ஓர் ஆள்

உலகத்தில் இரண்டு பேர் சேர்ந்துதான் செய்தாக வேண்டும் என்று ஒரு வேலையும் கிடையாது, கல்யாணம் உட்பட. இது சேதுபதியின் கொள்கை. இதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. டன்லப் தெரு முனைச் சாயாக்கடையில், எட்டுப் பேர் முன்னிலையில், கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, தீர்ப்பு வாசிக்கிற நீதிபதியின் முகத்தோடு சொன்னான். சூரியன் தனியாகத்தான் உதிக்கிறது, யாரும் கீழே நின்று தூக்கி விடுவதில்லை என்று உதாரணமும் காட்டினான். கேட்ட எட்டுப் பேரில் ஆறு பேருக்கு வீட்டில் மனைவி காத்திருந்தாள். அவர்கள் எதிர்வாதம் செய்யவில்லை. சீக்கிரமாக எழுந்து போய்விட்டார்கள்.

இந்தக் கொள்கை பிறக்கக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள் செயின்.

சேதுபதிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. தேக்காவில், அதே டன்லப் தெருவில், ஒரு கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புப் போட்ட அறையில், மாணிக்கம் என்கிற நண்பனோடு ஆறு வருஷம் குடியிருந்தான். ஊருக்குக் கப்பலேறப் போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு அந்த வண்டியை வாங்கினார்கள். முன்பாதி யாருக்கு, பின்பாதி யாருக்கு என்று ஆறு வருஷமும் வழக்கு நடந்தது. கடைசியில் மாணிக்கம் கண்மணியைக் கட்டிக்கொண்டு, கடற்படைத் தளமான நேவல் பேஸில் தன் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஊருக்கு வெளியே நீசூன் கம்பத்துக்குக் குடி போனபோது, தன் பாதியையும் சேதுபதியிடமே விட்டுவிட்டுப் போனான். வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. அறையில் மாணிக்கத்தின் கட்டில் மட்டும் நின்றது. இரண்டு வருஷமாக அதில் வேறு ஆள் வைக்காமல், முழு வாடகையையும் தானே கொடுத்துக்கொண்டு, சேதுபதி அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தான். கேட்டால் பேப்பருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பான்.

வண்டியைப் பழுது பார்ப்பதில் இவர்களுக்குள் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது. சேதுபதி ஸ்பேனர் பிடிப்பான். மாணிக்கம் உட்காருவான். இதில் கேலி ஒன்றுமில்லை. அந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் உண்டு. ஆள் ஏறினால் வண்டி அமுங்கும், வண்டி அமுங்கினால் செயின் இறுகும். ஆகவே செயினில் எவ்வளவு தொய்வு இருக்கிறது என்பதை ஒருத்தன் மேலே உட்கார்ந்திருக்கும்போது இன்னொருத்தன் கீழே குந்தி அளக்க வேண்டும். முக்கால் அங்குலம் இருந்தால் சரி. மாணிக்கத்துக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை இது ஒன்றுதான். ஆனால் அதை அவன் மனப்பூர்வமாகச் செய்வான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மணிக்கு அறுபது மைலில் போகிறவன் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காருவான்.

ஒருநாள் மாணிக்கம் தேக்காவுக்கு வந்திருந்தான். அவன் பெண் குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கண்மணியின் அண்ணன் தம்பி எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கம். கடிதம் போட்டால் வாழ்த்து வரும், மடி வராது. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள் முகூர்த்தம்.

"நீதான்டா மாமன். கண்மணி சொல்லிட்டா."

சேதுபதி வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தோ என்னவோ, மாணிக்கம் குனிந்து பின்சக்கரத்துச் செயினை விரலால் இழுத்துப் பார்த்தான். செயின் பல்லை விட்டு நன்றாக மேலே எழும்பி வந்தது. இது ஆயுசு முடிஞ்ச கேஸ், புதுசு வாங்கி வை, ஒருநாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து தருகிறேன் என்றான்.

உட்காருவதற்கு நீசூனிலிருந்து ஆள் வரவேண்டுமா என்று சேதுபதி கேட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே தனியாக மாட்டி, அதே வண்டியில் வந்து இறங்கி, குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

"சரி மாமா," என்றான் மாணிக்கம். "ஆனா நேரத்துக்கு வந்துடு. பத்தர் நிக்க மாட்டாரு. அவருக்கு அதுக்கப்புறம் இன்னொரு காது இருக்கு."

அன்று மாலைதான் சேதுபதி சாயாக்கடைக்குப் போய்த் தன் கொள்கையை வெளியிட்டான். மறுநாள் சிராங்கூன் ரோட்டுத் தட்டார் கடையில் அரிசி அளவுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தான். காது குத்துக்கு முந்தின சனிக்கிழமை ஜாலான் புசாரில் ஒரு சீனர் கடையில் புதுச் செயின் வாங்கினான். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

மாணிக்கம் இப்படி வந்து கேட்கும்வரை, இரண்டு வருஷமாகச் சேதுபதியிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, இராஜரத்தினத்தைத் தவிர. அவர் கேட்பது மணி.

இராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி, மகன் லண்டனில் படித்து அங்கேயே தங்கிவிட்டதால், அதே மாடியில் தெருப்பக்கத்து அறையில் தனியாக இருந்தார். ரயில்வேக்காரர்கள் வழியனுப்பும்போது கொடுத்த கைக்கடிகாரம் எப்போதும் அவர் மணிக்கட்டில் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டே, மாடிப்படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும், "தம்பி, இப்ப என்ன நேரம்?" என்று கேட்பார். பதில் சொன்னால் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். ஒரு நிமிஷம் கூடக் குறைய இருந்தால் அவருக்குச் சந்தோஷம். அதைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை பேசலாம்.

சாயாக்கடையில் இதைச் சேதுபதி நடித்துக் காட்டுவான். ரயில் வராத தெருவில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் என்பான். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மணி கேட்கிறவன் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பிச்சை கேட்கிறவன் என்பான். நல்ல சிரிப்பு வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் சேதுபதி கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் பேப்பர் விரித்து, மண்ணெண்ணெய் டப்பா, கிரீஸ், ஸ்பேனர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். ஒரு மணி நேர வேலை. எட்டரைக்குக் குளித்து, ஒன்பதுக்குக் கிளம்பினால் பத்துக்கு முன்னாலேயே நீசூன். கிளிப்பைத் தட்டி எடுத்து, இணைப்புக் கண்ணியைக் கழற்றினான். பழைய செயின் தளர்ந்து தொங்கியது. அதை ஒரே இழுப்பில் சரசரவென்று உருவிப் பேப்பர்மேல் நீட்டினான். பக்கத்தில் புதுசை நீட்டினான். இரண்டிலும் கண்ணி எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் பழசு ஒரு விரற்கடை அதிகமாக நீண்டிருந்தது. இரும்புகூட இழுத்த இழுப்புக்கு வந்து வந்து இப்படி ஆகிறது என்று ஒரு தத்துவம் தோன்றியது. சொல்லலாம் என்று நிமிர்ந்து பார்த்தான். வண்டியின் மேல் யாரும் இல்லை.

அப்போதுதான் அவனுக்குச் செய்த தப்பு விளங்கியது.

பழைய செயினை உருவக் கூடாது. அதன் வாலில் புதுச் செயினின் தலையைக் கோத்துவிட்டு, பழசை இழுத்தால் புதுசு தானாக உள்ளே போய், மூடிக்குள் மறைந்திருக்கும் சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். பழசுதான் புதுசைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சேதுபதிக்கு இது தெரியாததில்லை. போன தடவைகளில் அவன் உருவப் போகிற சமயமெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவன், "இரு, கட்டினியா?" என்று ஒரு கேள்வி கேட்பான். எந்த வேலையும் தெரியாதவன் கேட்கிற கேள்வி என்று சேதுபதி அதை மதித்ததே கிடையாது.

இனி மூடியைக் கழற்ற வேண்டும். மூடியின் ஆறு திருகுகளில் ஐந்து வந்தன. ஆறாவதைச் சிப்பாய் எந்தப் போரில் முறுக்கினானோ, அசையவில்லை. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, இருட்டுக்குள் விட்டுச் செயினின் தலையை மீன் பிடிக்கிறமாதிரி பிடிக்க முயன்றான். மாட்டும், ஒரு பல் ஏறும், நழுவும்.

"தம்பி, இப்ப என்ன நேரம்?"

படியின் அடியில் இராஜரத்தினம் நின்றார். சேதுபதி ஏழு ஐம்பது என்றான். தன்னுடையதில் ஏழு நாற்பத்தெட்டு என்றார் அவர். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார். எட்டேகாலுக்கு வந்து மறுபடியும் கேட்டார். எட்டே முக்காலுக்கு மூன்றாவது தடவை வந்தபோது, செயின் கிட்டத்தட்ட முக்கால் சுற்று வந்திருந்தது. அவர் குரலைக் கேட்டுக் கை அசைந்து, முழுவதும் மடமடவென்று பேப்பர்மேல் விழுந்தது.

"இப்ப என்ன நேரம் தம்பி?"

சேதுபதி எழுந்து நின்றான். கத்தவில்லை. சாயாக்கடையில் பேசுகிற அதே நிதானமான குரலில் கேட்டான்.

"ஐயா, உங்க கையில கட்டியிருக்கிறது என்ன? தாயத்தா?"

எதிர் அஞ்சடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். இராஜரத்தினம் தன் மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடினார். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி மேலே போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சாத்தினார்.

ஒன்பதரைக்குச் செயின் மாட்டியது. கிளிப்பின் மூடின பக்கம் வண்டி ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும் என்பதைக்கூட மறக்காமல் போட்டான். மிச்சம் இருந்தது தொய்வு பார்ப்பது ஒன்றுதான்.

தானே ஏறி உட்கார்ந்து, தானே பின்னால் வளைந்து அளவுகோலை நீட்டினான். கை எட்டியது, கண் எட்டவில்லை. கண்ணை எட்டவைத்தபோது உடம்பு வண்டியில் இல்லை. மேலே போய் மாத அரிசிப் பையையும் தன் தகரப் பெட்டியையும் கொண்டுவந்து சீட்டில் ஏற்றினான். போதாதென்று கைப்பிடியில் ஒரு வாளித் தண்ணீரையும் மாட்டினான். மொத்தமாக அது ஒரு ஐம்பது காத்தி எடை வரும். அவனோ நூறு காத்தி. அளவுகோலை வைக்கப் போனபோது வாளி கவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தேக்காவில் நல்ல கூட்டம். அந்தக் கால்மணி நேரத்தில் அவனைத் தாண்டி இருநூறு பேர் போயிருப்பார்கள். எல்லாரும் உட்காரத் தெரிந்தவர்கள். சாயாக்கடையில் கொள்கையைக் கேட்டவர்களில் ஒருவரான வேலாயுதம்கூடப் போனார். அரிசிப் பை வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "சூரியன் இன்னும் உதிக்கலையா லா?" என்று கேட்டுக்கொண்டே போனார். மாடிப்படியைச் சேதுபதி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும், ஒரு மனிதர் சந்தோஷமாக இறங்கி வந்து, சாயங்காலம்வரை உட்காரச் சொன்னாலும் உட்காருவார். அந்தக் குரலைத்தான் அவன் முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் வேறு விதமாகச் செலவழித்துவிட்டான்.

பஸ் இருந்தது. பஸ்ஸில் போனால் மாணிக்கம் ஒன்றும் சொல்ல மாட்டான். வாசலை மட்டும் ஒரு பார்வை பார்ப்பான், வண்டி நிற்கிறதா என்று. அந்தப் பார்வைக்காகச் சேதுபதி பஸ்ஸை விட்டான். பெட்டிக்கும் அரிசிக்கும் தன் எடைக்கும் மனக்கணக்குப் போட்டு, உத்தேசமாக முடுக்கிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது மணி பத்து இருபது.

தாம்சன் ரோடு ஏறும்வரை வண்டி பேசாமல் வந்தது. பிறகு முனகியது. நீர்த்தேக்கத்துக் காட்டோரம் வந்தபோது நாதஸ்வரக்காரர் சீவாளி சரிபார்க்கிறமாதிரி ஊளையிட்டது. செயின் வீணைக் கம்பிபோல் விறைத்து நின்றது. இன்னும் ஒரு மைல் போனால் அறும், இல்லாவிட்டால் எதையாவது உடைக்கும். ஓரமாக நிறுத்தி, வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து நட்டைத் தளர்த்தினான். ஏறி ஓட்டிப் பார்த்தான். இப்போது அதிகத் தொய்வு. நூறு கஜத்தில் செயின் பல்லிலிருந்து கழன்று தொங்கியது. மறுபடியும் மாட்டினான். ஒருபக்கம் அதிகம் முடுக்கியதில் சக்கரம் கோணிக்கொண்டது. அதையும் நேராக்கினான்.

மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, அவன் செய்வதைக் கொஞ்ச நேரம் கவனித்தது. பிறகு ஏறிச் சீட்டில் உட்கார்ந்தது. சேதுபதி அதை விரட்டவில்லை. அளவுகோலை எடுத்துச் செயினில் வைத்தே பார்த்தான். எடை போதவில்லை. குரங்கு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பதினொன்று இருபத்தாறு ஆனது.

நீசூனில் அவன் வண்டியை நிறுத்தியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். பத்தர் போய்விட்டார். குழந்தை அழுது முடித்துத் தொட்டிலில் தூங்கியது. இரண்டு காதிலும் சந்தனம் வைத்திருந்தது. பக்கத்து மளிகைக்கடை ஒலி முகம்மது தின்பண்டத் தட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தார். பதினொன்று இருபதுவரை காத்திருந்து, அதன் பிறகு மாணிக்கம் ஓடிப்போய் அவரைக் கேட்டிருக்கிறான். அவர் கடைப்பலகையைச் சாத்தியும் சாத்தாமலும் வந்து உட்கார்ந்து மடி கொடுத்தாராம். ஊசி குத்தின அதிர்ச்சியில் குழந்தை அவருடைய கைலியை நனைத்துவிட்டதாம். அவர் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். சேதுபதி அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது. கண்மணி அவனுக்கு முதல் இலை போட்டாள். தோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "காது ஆறட்டும்ண்ணே, அப்ப நீங்களே வந்து போட்டு விடுங்க," என்றாள். எப்போது ஆறும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாப்பிட்டபின் மாணிக்கம் வாசலுக்கு வந்தான். வண்டியைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டான். சேதுபதி குந்தி அளந்தான். கால் அங்குலம்கூட இல்லை. இரண்டு பக்கமும் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடி அளந்து முடுக்கினான். முக்கால் அங்குலம். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம்.

"பழசுல கட்டித்தானே இழுத்தே?" என்றான் மாணிக்கம், மேலிருந்தபடியே.

"ம்."

கம்பி கீறின விரல்களைச் சேதுபதி துணியால் மூடிக்கொண்டான். மாணிக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே குழந்தை எழுந்து அழுதது. அவன் இறங்கிப் போனான். போனவன் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. சேதுபதி காத்திராமல் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

திரும்பும்போது செயின் சத்தமே போடவில்லை. அவ்வளவு அமைதியாக அந்த வண்டி ஓடி அவன் கேட்டதில்லை. காட்டோரம் குரங்கு இருந்த இடத்தில் மெதுவாக்கிப் பார்த்தான். அது இல்லை.

டன்லப் தெருவுக்கு வந்தபோது சாயங்காலம். படியேறினான். மேலே இராஜரத்தினம் தன் அறைக் கதவைத் திறந்து வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். யார் என்று தெரிந்ததும் வாய் பாதி திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டைக் கை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டிருந்தது.

சேதுபதி தன் அறைக்குப் போனான். சட்டையைக் கழற்றப் போய், கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான். எதிர்க்கட்டிலில் பழைய பேப்பர்கள் காற்றோட்டமாக இருந்தன. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். கீழே ஒரு வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். காலையிலிருந்து நடந்ததையெல்லாம் வைத்து ஒரு நல்ல கதை பண்ணலாம், குரங்கு ஒன்று போதும், சாயாக்கடையில் அரைமணி நேரம் ஓடும். அவன் எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் கழித்துக் கைக்கடிகாரத்தின் வாரை அவிழ்த்தான். மணி ஐந்து இருபது. அதைச் சட்டைப் பையில், காலையில் தோடு இருந்த இடத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"ஐயா, மணி என்ன ஆச்சு?"

இராஜரத்தினம் திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். வெயில் படாத தோல் அங்கே பட்டையாக வெளுத்திருந்தது. சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றி, கடிகாரத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, நன்றாக நேரம் எடுத்துக்கொண்டு வாசித்தார்.

"ஐஞ்சு பதினெட்டு. ஆனா என்ரை மணிக்கூடு ரெண்டு நிமிஷம் பிந்தும், தம்பி."

"அப்ப அஞ்சு இருபதுன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கொள்ளலாம்," என்று அவர் ஒப்புக்கொண்டார். சுவரோரம் மடித்து வைத்திருந்த இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டார். அதன் மேல் தூசி இருந்தது, தோளில் கிடந்த துண்டால் தட்டினார்.

சேதுபதி உட்கார்ந்தான். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே கொஞ்ச நேரம் கழித்து, இப்போது மணி என்ன என்று அவன் மறுபடியும் கேட்டான்.